ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒரு கட்டுரை

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புக்கு 'நூலகத்தின் பயன்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன். 38 தாள்கள் வந்தன. 38-ம் ஒரே கட்டுரை. நூலகம் அறிவுக் களஞ்சியம், நூலே சிறந்த நண்பன், ஆகவே அனைவரும் நூலகம் செல்வோம். எழுத்துப் பிழைகூட அதிகம் இல்லை. ஆனால் அவற்றில் எதைப் படித்தாலும் ஓர் ஆள்கூட எழுந்து நூலகத்துக்குப் போகமாட்டார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுக்க ஆளே இல்லாத தலைப்பைக் கொடுத்துவிட்டு 'வாதாடு' என்றால் அவர்கள் யாரோடு வாதாடுவார்கள்?

அன்றிலிருந்து வாதக் கட்டுரைக்கு முன்பாக மறுப்பவரைத் தேடுகிறேன். தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, ஒத்துக்கொள்பவர்களைக் கை தூக்கச் சொல்வேன். எல்லாக் கைகளும் மேலே போனால் தலைப்பை அழித்துவிடுவேன். 'மரம் வளர்ப்போம்', 'காலம் பொன் போன்றது' எல்லாம் இப்படித்தான் போயின. வகுப்பு ஏறக்குறைய இரண்டாகப் பிரிய வேண்டும். இன்னொன்றும் பார்ப்பேன்: 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் இருக்கிறாரா? 'செல்பேசி நன்மையா தீமையா' என்ற கேள்விக்கு அப்படி யாரும் இல்லை. 'பள்ளி காலையில் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்க வேண்டும்' என்பதற்குத் தலைமையாசிரியர் இருக்கிறார். இந்தத் தலைப்பு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. அதையே வைத்து மேலே சொல்கிறேன்.

முதல் பாடவேளையில் யாரும் கட்டுரையைத் தொடக்கூடாது. படிக்கப்போகிறவரைப் பற்றி ஐந்து வரி எழுதினால் போதும். அவர் எதற்குப் பொறுப்பு? இந்த மாற்றம் வந்தால் அவருக்கு என்ன தலைவலி? பெரும்பாலும் முதலில் வருவது 'தலைமையாசிரியர் மிகவும் கண்டிப்பானவர்' என்பதுதான். அது அவருடைய குணம், கவலை அன்று என்று தாளைத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டாவது முறை உருப்படியாக வரும்: பேருந்து நேரங்களை மாற்ற வேண்டும், வேலைக்குப் போகும் வழியில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பெற்றோர் திண்டாடுவார்கள், மாலை விளையாட்டுப் பயிற்சி இருட்டும்வரை இழுக்கும். கட்டுரையின் பாதி இந்த ஐந்து வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

அடுத்து வருவதுதான் கடினமான வேலை. எதிர்த்தரப்பை எழுதுவது. இதற்கு மட்டும் இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். பாடத்திட்டம் முடியவில்லையே என்று பதறாதீர்கள். பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது, 'சிலர் இதை எதிர்ப்பர். அது அவர்களின் அறியாமையே' என்ற இரண்டு வரி. வைக்கோல் பொம்மையைக் குத்திவிட்டு மல்யுத்தத்தில் வென்றேன் என்பது போல. நம் இலக்கண மரபு இதைவிட நேர்மையானது. நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது ஒரு நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கைகளை, சொல்லும்போது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று ஒன்றை வைக்கிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குவது. 'மேற்கொண்டு' என்ற அந்தச் சொல்லைப் பலகையில் தனியாக எழுதி அடிக்கோடிடுவேன். ஏற்காமல் களைய முடியாது. பழைய உரையாசிரியர்களும் 'அற்றேல்', 'அஃதேல்' (இரண்டுக்கும் 'அப்படியானால்' என்று பொருள்) என்று தங்களுக்கு எதிரான தடையைத் தாங்களே எழுப்பிக்கொண்டுதான் விடை சொன்னார்கள்.

வகுப்பில் இதைச் செய்ய ஒரு வழி உண்டு. தலைப்பை ஆதரிப்பவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக உட்காரவைக்க வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவருடைய கருத்தை ஒரு பத்தியாக எழுதி அவரிடமே படித்துக்காட்ட வேண்டும். 'ஆம், நான் நினைப்பது இதுதான்' என்று அவர் சொன்னால்தான் அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். தாமதத் தொடக்கத்துக்கு அவளைப் போல வாதாடியவர் வகுப்பில் இல்லை. அவளுக்கு வாய்த்த இணையோ, தந்தை வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகும் பையன். அவள் எழுதிய பத்தியை மூன்று முறை 'நான் சொன்னது இது இல்லை' என்று தள்ளிவிட்டான். மூன்றாவது முறை அவள் கண்கள் கலங்கிவிட்டன; குறுக்கிடலாமா என்று எனக்கே தோன்றியது. குறுக்கிடவில்லை. நான்காவது முறை அவன் தலையசைத்தபோது, அவளுடைய கோரிக்கையே மாறியிருந்தது: பள்ளி வாயிலும் நூலகமும் பழைய நேரத்திலேயே திறக்கட்டும், பாடங்கள் மட்டும் அரை மணி நேரம் கழித்துத் தொடங்கட்டும். விளையாட்டு நேரம் குறையும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். எதிர்ப்பவர் பக்கம் போய்வந்த பிறகு தன் கோரிக்கையைத் திருத்தாத மாணவரை இன்றும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இதன் பிறகுதான் காரணங்கள். 'ஏனெனில்' என்ற சொல்லை வைத்து ஒரே வாக்கியத்தில் வாதத்தை எழுதச் சொல்லுங்கள். 'பாடங்கள் தாமதமாகத் தொடங்க வேண்டும், ஏனெனில் 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு பாலம் இல்லை. மணிமேகலையில் தருக்கம் சொல்லும் இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு வரும்: இம்மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. புகையிலிருந்து நெருப்புக்குப் போவதற்கு அந்த அடுக்களை தேவைப்படுகிறது. புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை நாம் கண்ட இடம் அது. நம் மாணவரின் வாக்கியத்தில் அடுக்களை எங்கே? பாடம் தாமதமானால் பிள்ளைகள் அந்த அரை மணி நேரத்தைத் தூங்கித்தான் கழிப்பார்கள் என்பது சொல்லப்படவே இல்லை. தலைமையாசிரியர் சரியாக அங்கேதான் கை வைப்பார்: 'இரவில் இன்னும் அரை மணி நேரம் விழித்திருப்பீர்கள், அவ்வளவுதானே?'

இந்தக் கேள்வியை நானே அவர் குரலில் வகுப்பில் கேட்பேன். விடை தேடி அவர்கள் படித்தாக வேண்டும். பருவ வயதில் உடலின் உட்கடிகாரம் தாமதமாகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் எளிதில் வராது என்பதைக் கண்டுபிடிப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததையும், கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் இதற்குச் சட்டமே இயற்றியதையும் சிலர் எடுத்து வருவார்கள். 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று மொட்டையாக எழுதியவரிடம் எந்த ஆய்வு, யார் செய்தது என்று கேட்பேன். பதில் இல்லை என்றால் அந்த வரி போகட்டும். அதற்குப் பதிலாகச் சொந்தக் கண்ணால் பார்த்ததை எழுதலாம். ஒரு பையன் ஒரு வாரம் முழுவதும் முதல் பாடவேளையில் எத்தனை பேர் மேசையில் தலை சாய்க்கிறார்கள் என்று எண்ணி அட்டவணை போட்டான். என் பாடவேளையும் அதில் இருந்தது. நல்ல சான்று, எனக்குத்தான் சற்றுச் சங்கடம்.

உணர்ச்சியைப் பற்றி ஒரு சொல். பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலு என்று அரிஸ்டாட்டில் மூன்றைச் சொன்னார். பிள்ளைகள் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணீர் வடிப்பார்கள். தனக்குப் பாதகமான ஓர் உண்மையை ஒப்புக்கொள்வதால் கிடைக்கும் நம்பகம் பத்து வியப்புக்குறிகளுக்குச் சமம் என்பேன்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள், போதும். முடிவுரையில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். 'ஆகவே சிந்திப்போம், செயல்படுவோம்' என்பது கோரிக்கை ஆகாது. யார், எதை, எப்போதிருந்து செய்ய வேண்டும் என்று இருக்க வேண்டும். 'அடுத்த பருவத்தில் ஒரு மாதம் மட்டும் சோதித்துப் பாருங்கள்' என்று கேட்டால், மறுப்பவருக்கும் மறுப்பது கொஞ்சம் கடினம்.

முதல் வரைவில் நான் சந்திப்பிழைகூடத் திருத்துவதில்லை. பென்சிலோடு படிப்பேன்; எந்த இடத்தில் நம்பிக்கை போகிறதோ அங்கே ஒரு கோடு. விளக்கம் எழுத மாட்டேன், ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கோடுகள் பெரும்பாலும் 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லை', 'அனைவரும் அறிந்ததே' ஆகியவற்றின் கீழே விழும். சான்று தீர்ந்துபோன இடத்தில்தான் இந்தச் சொற்கள் முளைக்கின்றன. சிவப்பு மையும் இலக்கணமும் இரண்டாவது வரைவுக்கு.

கடைசியில் கட்டுரையை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் எல்லாம் மதிப்பெண்ணுக்கான பயிற்சியாகச் சுருங்கிவிடும். அந்த மாணவியின் கட்டுரையைத் தலைமையாசிரியர் படித்துவிட்டு மறுத்தார். ஆனால் ஒரு பக்கத்தில் கைப்பட எழுதி மறுத்தார்: அவ்வளவு காலையில் நூலகத்தைத் திறந்துவைக்க ஆள் யார், மழைநாளில் மாலை வகுப்புகள் என்ன ஆகும். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, 'அற்றேல்' என்று தொடங்கினாள்.