புதிய ஒற்றைக் கை ஆயுதம் உருவாக்குவது எப்படி: திருக்கை வாலை வைத்து ஒரு செய்முறை

ஆன்லைன் கேம் விளையாடுகிற எல்லோருக்கும் "இதில் இப்படி ஒரு ஆயுதம் இருந்தால் நல்லா இருக்குமே" என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கும். திருகோணமலையில் என்னோடு விளையாடுகிற தம்பிமாரைக் கேட்டால் தீ வாள், மின்னல் வாள், விஷ வாள் என்று அடுக்குவார்கள். எல்லாமே வாள்தான், நிறம் மட்டும்தான் வேறு. புதிய ஆயுதம் என்றால், அதைப் பிடித்திருப்பவரும் எதிரே நிற்பவரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். அப்படி ஒன்றை யோசித்து, எண் போட்டு, சரிபார்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கோடிங் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொப்பி, பேனை, கல்குலேட்டர் போதும்.

முதல் படி: இருக்கிறதை எழுதுங்கள்

உங்கள் கேமில் ஒரு கையால் பிடித்துக் கிட்ட நின்று அடிக்கிற ஆயுதங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அதன் வேலை என்ன என்று ஒரு வரி.

வேலை என்று எதைச் சொல்கிறேன்? மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை எடுங்கள். வைர வாள் ஓர் அடிக்கு 7 டமேஜ் (எதிரியின் உயிரில் குறைகிற அளவு), செக்கனுக்கு 1.6 அடி. பெருக்கினால் 11.2. வைரக் கோடாலி ஓர் அடிக்கு 9, செக்கனுக்கு ஓர் அடி, ஆக 9 தான். கணக்குப்படி வாள் வெல்கிறது. இருந்தாலும் கோடாலியைச் சனம் கைவிடவில்லை. அது கேடயத்தில் பட்டால் அந்தக் கேடயம் 5 செக்கன் வேலை செய்யாது. கோடாலியின் வேலை அதுதான். 2024இல் 1.21 பதிப்போடு வந்த மேஸ் என்கிற கதாயுதம் இன்னும் நல்ல உதாரணம். எவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்து அடிக்கிறோமோ அவ்வளவுக்கு அடி ஏறும். அது வந்த பிறகு சண்டைக்கு முன்னால் ஏறுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் பட்டியலில் எந்த வேலைக்கு ஆயுதம் இல்லை என்று பாருங்கள். கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியே இருக்கிறவரை அசைக்க ஒன்றுமில்லையா? ஓடிக்கொண்டே அடிக்கிறவரை நிறுத்த ஒன்றுமில்லையா? அந்த வெற்றிடத்தைக் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: கை செய்கிற வேலையில் இருந்து தொடங்குங்கள்

ஆயுதத்தின் படத்தை முதலில் வரைய வேண்டாம். எங்கள் ஊரில் ஆட்கள் ஒரு கையால் என்ன என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அகலமான, மெல்லிய அலகு. ஓங்கி வெட்டுகிற கத்தி இல்லை அது. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுகிற கத்தி. இதை ஆயுதமாக்கினால், ஒரே இடத்தில் பட்ட ஒவ்வொரு அடியும் எதிரியின் கவசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஓர் அடிக்குப் பெரிய டமேஜ் வைத்தால் அந்தக் கத்திக்கே அது பொருந்தாது.

இராவணன் வெட்டை எல்லோரும் சொல்வார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அந்தப் பாறைப் பிளவை இராவணன் வாளால் வெட்டினான் என்பது ஐதீகம். பாறையைப் பிளக்கும் வாளை அப்படியே ஒற்றைக் கை ஆயுதமாக வைத்தால் மற்ற எதையும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அது மதிலையும் கதவையும் மட்டும் பிளக்கட்டும், ஆளுக்குச் சாதாரண அடி. அப்போது கோட்டையைப் பிடிக்கிற கேமில் அதற்கு நல்ல இடம் உண்டு.

இனி இந்தப் பதிவுக்கு நான் எடுத்த ஆயுதம்: திருக்கை வால். காய்ந்த வால் அடியில் தடிப்பாக இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலியும். விரலால் தடவினால் அரம் போல அராவும். அந்தக் காலத்தில் இதைச் சாட்டையாகப் பாவித்திருக்கிறார்கள். விட்டு வீசினால் நுனி வளைந்து தடைக்கு அந்தப் பக்கம் போய் விழும். கேடயத்தின் விளிம்பைத் தாண்டி ஆளைத் தொடுகிற ஆயுதம். முதல் படியில் குறித்த வெற்றிடத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

மூன்றாம் படி: அடியை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த அடியிலும் ஓங்கல், படுதல், மீளல் என்று மூன்று பகுதி உண்டு. கேம் செக்கனுக்கு 60 பிரேம், அதாவது திரையில் 60 படம், ஓடுகிறது என்று வைப்போம். என் கொப்பியில் உள்ள சாதாரண வாள்: ஓங்கல் 10, படுதல் 6, மீளல் 20, மொத்தம் 36 பிரேம். எட்டும் தூரம் 1.8 மீட்டர். டமேஜ் 25. ஆளின் உயிர் 100.

திருக்கை வால்: ஓங்கல் 20, படுதல் 4, மீளல் 26, மொத்தம் 50. எட்டும் தூரம் 3 மீட்டர். டமேஜ் 12. ஒரு மீட்டருக்குள் வந்தவருக்குப் பாதி டமேஜ்தான், ஏனென்றால் நுனி விசை எடுக்க இடமில்லை.

ஓங்கலுக்கு ஏன் 20? கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குக் கிட்டத்தட்ட கால் செக்கன் வேண்டும், அதாவது 15 பிரேம். இங்கிருந்து வெளிநாட்டு சேர்வருக்கு விளையாடும்போது பிங் (தகவல் சேர்வருக்குப் போய்த் திரும்புகிற நேரம்) 80 மில்லி செக்கன் என்றால் இன்னொரு 5 பிரேம் போகும். ஆக, 20 பிரேமுக்குக் குறைந்தால் சாட்டை வருவதைப் பார்த்து ஒருவராலும் விலக முடியாது. கேடயத்தைத் தாண்டுகிற அடியில் இருந்து விலகக்கூட வழியில்லை என்றால் அது அநியாயம்.

நான்காம் படி: எத்தனை அடியில் ஆள் விழும்?

புதியவர்கள் அதிகம் தவறவிடுகிற கணக்கு இதுதான். மைன்கிராஃப்டில் ஆளின் உயிர் 20. கவசம் இல்லாதவரை வைர வாள் 3 அடியில் விழுத்தும். வாளின் 7 டமேஜை 9 ஆக்குங்கள், அப்போதும் 3 அடிதான் வேண்டும். 10 ஆக்கினால் திடீரென்று 2 அடி. "கொஞ்சம் கூட்டினேன்" என்று நினைக்கிற இடத்தில் ஒன்றுமே மாறாமல் போகலாம், அல்லது எல்லாமே தலைகீழாகலாம். அதனால் டமேஜை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அடிகளை எண்ணுங்கள்.

நம் வாள் 4 அடி, 144 பிரேம், 2.4 செக்கன். திருக்கை வால் 9 அடி, 450 பிரேம், 7.5 செக்கன். மூன்று மடங்குக்கும் மேல். இது எனக்குச் சம்மதம். கேடயத்தைத் தாண்டுகிற ஆயுதம் கொல்வதில் கெதியாக இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: அடி தவறினால் என்ன நடக்கும்?

3 மீட்டரில் நின்று வீசுகிறேன், அடி படவில்லை. எதிரி செக்கனுக்கு 5 மீட்டர் ஓடுவார். தன் வாள் எட்டும் தூரத்துக்கு வர அவருக்கு 1.2 மீட்டர் வேண்டும், அது ஏறக்குறைய 14 பிரேம். ஓங்க இன்னும் 10. மொத்தம் 24. என் மீளல் 26. அவருக்குக் கிடைப்பது 2 பிரேம் இடைவெளி மட்டும். பிங் அதை விழுங்கிவிடும். அப்படியானால் சாட்டைக்காரர் தவறவிட்டாலும் தப்பிவிடுவார், வீசிக்கொண்டே இருக்கலாம். மீளலை 32 ஆக்கினேன். இப்போது 8 பிரேம். பிங் போகவும் மிச்சம் இருக்கிறது.

ஆறாம் படி: இடது கைக்கு என்ன கொடுப்பது?

ஒற்றைக் கை ஆயுதத்தின் உயிர் மற்றக் கையில் இருக்கிறது. பெரிய கேடயம் கொடுத்தால், ஒளிந்துகொண்டே மற்றவரின் கேடயத்தைத் தாண்டி அடிக்கலாம், எதிரிக்குப் போக்கிடம் இல்லை. அதைத் தடுத்துவிட்டு வீச்சுவலையை வைத்துப் பார்த்தேன். வலை கிட்ட இருப்பவரைத்தான் பிடிக்கும். சாட்டையோ கிட்டத்தில் பலவீனம். வலையில் மாட்டியவரை அடிக்க இரண்டு எட்டுப் பின்னால் வர வேண்டும், அதற்குள் அவர் கழன்றுவிடலாம். விளையாடுகிறவர் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டிய சேர்க்கை இது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஏழாம் படி: மணலில் சோதியுங்கள்

பின்னேரம் டச்பே கடற்கரைக்கு இரண்டு பேர் போங்கள். குச்சியால் ஒரு மீட்டர், 1.8 மீட்டர், 3 மீட்டர் வட்டங்கள் கீறுங்கள். ஆயுதத்துக்குப் பழைய சாரத்தை முறுக்கி எடுத்தால் போதும், மேலில் பட்டாலும் நோகாது. ஒருவர் மெதுவாக எண்ண, மற்றவர் எண்ணுக்கு ஏற்ப ஓங்கி, வீசி, மீளட்டும். எந்த வட்டத்தில் நிற்கும்போது சலிப்பாக இருக்கிறது, எதில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது என்று கவனியுங்கள். கொப்பியில் தெரியாதது மணலில் தெரியும்.

கணினி இருந்தால், கேம் உருவாக்குகிற மென்பொருளான ரோப்லாக்ஸ் ஸ்டுடியோவை இலவசமாக இறக்கலாம். ஃபோனில் அது ஓடாது. அதில் டூல் (பாத்திரம் கையில் பிடிக்கிற பொருள்) ஒன்றை உருவாக்கி அதற்குள் ஒரு பார்ட் (கட்டை போன்ற துண்டு) வையுங்கள். அந்தப் பார்ட்டுக்கு ஹேண்டில் என்று ஆங்கிலத்தில், முதலெழுத்து பெரியதாக, பெயர் கொடுத்தால்தான் பாத்திரத்தின் கையில் ஒட்டும்.

எட்டாம் படி: ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்

கேம் தயாரிப்பவர்களுக்கு நீண்ட கதை வேண்டாம். முதல் வரியில் ஆயுதத்தின் வேலை. பிறகு மூன்று பகுதி பிரேம்கள், தூரம், டமேஜ், எத்தனை அடியில் ஆள் விழும். அடுத்து, எதிரி இதை எப்படி வெல்லலாம் என்று இரண்டு வழி. இடது கையில் எது ஆகும், எது ஆகாது. பெயரும் படமும் கடைசியில். எண்ணை மாற்றி மறுபடி அனுப்பும்போது பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டு, ஏன் மாற்றினீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.