சொட்டு மருந்தின் சக்கரத்தைத் தொடாதீர்கள்: ஆஸ்பத்திரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனாலும் கட்டிலுக்கு ஒரு நோயாளி, பக்கத்திலேயே ஒரு துணை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து மருமகள் மாமியாருக்குத் துணை இருப்பார். சிஎம்சியில், காட்பாடியில் ரயில் இறங்கி லாட்ஜில் அறை எடுத்த வங்காளக் குடும்பம் இருக்கும். சோறு ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கக்கூசுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது, சொட்டு தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவது என்று வார்டு வேலையில் பாதி இவர்கள் தலையில்தான் விழுகிறது. எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வார்டில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆஸ்பத்திரிக்குள் நோயாளிக்கு நேரும் கெடுதல்களில் பல, நல்ல மனசோடு, ஆனால் யாரையும் கேட்காமல் செய்த காரியங்களால் வருபவை. கேட்டால் எரிந்து விழும் ஊழியர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

"லட்சுமிதானே?" "ஆமா."

மருந்து கொடுக்க வருபவர் "லட்சுமிதானே?" என்று கேட்டால் காது மந்தமான பாட்டி எதற்கும் "ஆமா" என்பார். தமிழ் தெரியாதவர் சிரித்தபடி தலையாட்டுவார். மயக்கம் தெளியாதவரும் "உம்" கொட்டுவார். பெண்கள் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு லட்சுமி, மூன்று சரஸ்வதி படுத்திருப்பது நம் ஊரில் அதிசயமே இல்லை. இனிஷியலையும் நம்ப முடியாது. கல்யாணத்துக்கு முன் அப்பா பேரில் ஒரு எழுத்து, பிறகு வீட்டுக்காரர் பேரில் ஒரு எழுத்து. ஆதாரில் ஒன்று இருக்கும், பழைய சீட்டில் இன்னொன்று இருக்கும். கட்டில் நம்பரும் உதவாது. ராத்திரி ஓர் அவசர கேஸ் வந்தால் விடிவதற்குள் ஆள் இடம் மாறியிருப்பார்.

கேள்வியையே மாற்ற வேண்டும். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு நோயாளி வாயாலேயே பேரை வரவழைக்க வேண்டும். கூடவே மணிக்கட்டுப் பட்டையில் உள்ள ஆஸ்பத்திரி எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிஸ்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "இவங்க குடியாத்தம் லட்சுமி, நம்பரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க சிஸ்டர்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உறுத்துகிறது என்று அந்தப் பட்டையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பதுதான் தவறு.

ரத்தம் ஏற்றும்போது இந்தச் சரிபார்ப்பு உயிர் விஷயம். கட்டிலருகே இரண்டு பேர் நின்று, பை, சீட்டு, பட்டை மூன்றையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்க்க வேண்டும். க்ரூப் மாறிய ரத்தம் கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து தொடங்கிவிடும். அதனால் முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகு வலி, மூச்சு முட்டல், காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயம் என்று எது வந்தாலும் உடனே குரல் கொடுங்கள். ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வரத் துணைக்கு வந்தவரையே அனுப்பும் சின்ன ஆஸ்பத்திரிகளும் உண்டு. அப்படிப் போனால் வழியில் டீக்கு நிற்கக் கூடாது. குளிரிலிருந்து எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டிய பொருள் அது. வேலூர் சித்திரை வெயிலில் பைக்கின் முன்பக்கம் மாட்டிக்கொண்டு வரலாமா என்று யோசித்துப் பாருங்கள். "ஜில்லுனு இருக்கே" என்று வெந்நீரில் போட்டுச் சூடு காட்டுவது அதைவிட மோசம். ரத்த அணுக்கள் உடைந்துபோகும்.

சொட்டும் சக்கரமும்

"இன்னா சிஸ்டர், சொட்டு இவ்ளோ மெதுவா போவுது?" வார்டில் அதிகம் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பதில் வராவிட்டால், குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் மேலே தள்ளிவிடுவார்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் சாப்பிடலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். மெதுவாகப் போவதற்குக் காரணம் இருக்கும். இதயம் பலவீனமானவருக்கோ கிட்னி பழுதானவருக்கோ ஒரு பாட்டில் சலைன் வேகமாக இறங்கினால் தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், மூச்சுத் திணறும். பாட்டிலுக்குள் பொட்டாசியம் கலந்திருந்தால் அது பயங்கரம். அந்த உப்பு வேகமாக ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். பார்வைக்கு அதுவும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதனால்தான் அடர்த்தியான பொட்டாசியம் ஊசி மருந்தை வார்டு டிரேயில் மற்ற மருந்துகளோடு கலந்து வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சின்ன நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் இன்றைக்கே டிரேயைத் திறந்து பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. குழாயில் குட்டிக் காற்றுக் குமிழியைப் பார்த்ததும் அலறி, கையில் சொட்டு ஏறச் செருகியிருக்கும் குழாய் ஊசியான வென்ஃப்ளானையே பிடுங்கிவிடுவார்கள். கையில் ஏறும் சொட்டில் ஒன்றிரண்டு சின்னக் குமிழியால் கெடுதல் வராது. பாட்டில் தீரப் போகிறதென்றால் ஆளைக் கூப்பிடுங்கள், அது போதும்.

ஆக்சிஜன் மீட்டருக்கும் இதே விதி. பீடி பிடித்தே நுரையீரல் கெட்டுப்போன பெரியவருக்கு டாக்டர் பெரும்பாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரை இருக்கும்படிதான் அளவு வைப்பார். "97 வரலியே" என்று திருகி ஏற்றினால், அவர் உடம்பில் கரியமில வாயு சேர்ந்து தூங்கினாற்போல் மயங்கிப்போகலாம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே கற்பூரம், ஊதுபத்தி கூடவே கூடாது. ரத்னகிரி முருகன் விபூதியை நெற்றியில் பூசுங்கள், தீபாராதனை கோயிலோடு இருக்கட்டும்.

ராத்திரி மூன்று மணி

விழுந்து இடுப்பு உடைவது பெரும்பாலும் ராத்திரியில், கக்கூசுக்குப் போகிற வழியில். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றும் சேர்ந்தால் எழுந்தவுடன் கண் இருட்டும். ஆனால் நான் பார்த்தவரை, முக்கியக் காரணம் மாத்திரை அல்ல, கூச்சம். பகல் முழுக்க ஓடிக் களைத்த மகள் கட்டிலுக்கடியில் பாய் விரித்துத் தூங்குவாள். "பாவம், எழுப்புவானேன்" என்று அம்மா தானே இறங்கப் பார்ப்பார். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். எப்படியாவது இறங்கியே தீருவது என்று இருப்பவர் கம்பிமேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தூங்கப் போகும் முன் ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள். நடுராத்திரிக்கு நீங்களே அலாரம் வைத்து இன்னொரு முறை கூட்டிப் போங்கள். எழுப்பியதும் நிற்க வைக்காதீர்கள். காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். வீல்சேரில் உட்கார வைக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். வார்டு வாசலில் செருப்பை விடும் நம் பழக்கத்தை நடக்கத் தடுமாறுபவருக்கு மட்டும் தளர்த்தலாம். ஈரத் தரையில் வெறுங்காலோ சாக்ஸோ நிற்காது.

விழுந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்து உடனே தூக்காதீர்கள், ஆள் வரட்டும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் தலையை இடித்துக்கொண்டால், நன்றாகப் பேசினாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வலிக்காத கால்

டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று ஊர் நம்பிய காலம் அது. உணர்ச்சி செத்துப்போன இடத்தில் சூடும் முள்ளும் தெரியாமல் போவதாலும், காயத்தோடே நடந்து காயத்தோடே வேலை செய்வதாலும்தான் அவை அழிகின்றன என்று அவர் இங்கேதான் கண்டறிந்தார். வேலூருக்கு அருகே கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் அந்தப் பாடம் இன்றும் நடக்கிறது. அதே பாடம் இப்போது சுகர்காரர்களின் கால்களுக்குப் பொருந்துகிறது. கால் மரத்திருக்கும் சுகர் நோயாளிக்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தால், கொப்புளம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டு வந்த பெண்ணுக்கும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் போனவருக்கும் இதே எச்சரிக்கைதான். தைலம் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம்.

படுக்கைப்புண்ணும் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். உடம்பு உறுத்தினால் நாம் தூக்கத்திலேயே புரண்டு படுக்கிறோம். உணர்ச்சியோ அசைவோ இல்லாமல் படுத்துக் கிடக்கும் நோயாளிக்கு அது முடியாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஏர் பெட் வாங்கியாயிற்றே என்று புரட்டாமல் விடுவதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் கூடாது, அங்கே சதை ஏற்கெனவே நைந்திருக்கும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

ஒரு வாய் கஞ்சி

ஆபரேஷனுக்கு முன் கெட்டியான ஆகாரம் 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்துவது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் சொன்ன நேரமே முடிவானது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்பதற்காகத்தான் அந்தப் பட்டினி. பாட்டி பாசத்தில் ஒரு வாய் கொடுத்துவிட்டால் கொடுத்ததைவிட மறைப்பதுதான் பெரிய தவறு. சொன்னால் ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். இருமிக்கொண்டே விழுங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். மூக்குக் குழாயில் கஞ்சி விட்டால் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். மூத்திரப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நோயாளியின் வயிற்றின்மேல் அதைத் தூக்கி வைக்கும் பழக்கத்தை ஊழியர்களே இன்னும் விடவில்லை.

கை கழுவுவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும். கை அழுக்காகத் தெரிந்தால் சோப்பு, இல்லாவிட்டால் கட்டிலருகே மாட்டியிருக்கும் திரவம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு

வீட்டுக்குப் போனதும் நேரும் மருந்துத் தவறுகளில் இன்சுலினுக்கு முதலிடம் தருவேன். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு அடர்த்தி உண்டு. சிரிஞ்சும் அப்படியே: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சுகர் தாழ்ந்து ஆளே போய்விடலாம். மாறாக, 40 குப்பியை 100 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான். சுகர் இறங்கவே இறங்காது, டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். கடையில் "அந்த சிரிஞ்ச் இல்லை, இதையே வெச்சிக்கோங்க" என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் ஒரே பாராசிட்டமால். ஒன்றுக்குக் கேட்கவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுவது வேறு மருந்து போடுவதாகாது, கல்லீரலுக்குத்தான் கேடு.

ஊழியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. தவறான மருந்தைக் கையில் எடுத்துவிட்டு, கொடுப்பதற்குள் கவனித்து நிறுத்திய நர்ஸை மெமோ கொடுத்து அவமானப்படுத்தும் இடத்தில், அடுத்த தவறு வெளியே வராது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை யாரும் மாற்றவும் மாட்டார்கள். நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொள்ள ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறதோ தெரியவில்லை.

கடைசியாக, ஊர் மாற்றும் நேரம். ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ முதலுதவி செய்து 108-இல் வேலூருக்கு அனுப்பும்போது, கையில் ஸ்கேன் கவர் இருக்கும். என்ன ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற விவரம் இருக்காது. ஏறும் முன் அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வாமை இருக்கும் மருந்தின் பெயரையும் அதிலேயே எழுதுங்கள். வாய் கோணி, கை விழுந்தவரை அழைத்து வந்தால் இன்னொரு நேரமும் வேண்டும்: அவர் கடைசியாக நல்லபடி இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையில எழுந்தப்போவே இப்படித்தான் இருந்தாரு" என்றால், ராத்திரி படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.