20 புள்ளி எடுத்தும் தோற்கிறீர்களா? என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2: முதல் வாரப் பாடம்

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் செந்தூலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். படிவம் ஒன்று படிக்கிறான். எங்கள் ஃப்ளாட்டின் கீழே ஒரு பாஸ்கெட்பால் திடல் உண்டு. வளையம் இருக்கும், வலை இருக்காது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் திடலும் இருக்காது, குளம்தான். மூன்று நாள் தொடர்ந்து அப்படியே ஆனதும், அலமாரிக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்த பிளேஸ்டேஷன் 2-ஐ இறக்கித் தூசி தட்டினேன்.

போட்ட வட்டு, என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2. ஈஏ ஸ்போர்ட்ஸ் பிக் பெயரில் 2003-இல் வந்த தெருக் கூடைப்பந்து கேம். அவன் பிறப்பதற்கு வெகுநாள் முன்னால் வந்தது. ஒரு வாரம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில், நான் எந்த இடங்களில் வழுக்கி விழுந்து பழகினேன் என்பது எனக்கே ஞாபகம் வந்தது. அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கன்ட்ரோலரையே இப்போதுதான் கையில் எடுக்கிறீர்கள் என்றாலும் பரவாயில்லை.

படி 1: வட்டு, டிவி, கேபிள்

பழைய வட்டு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அட்டையில் எந்த வட்டாரத்துக்கானது என்று போட்டிருக்கும். நம் மலேசியாவில் முறைப்படி விற்ற பிளேஸ்டேஷன் 2 ஆசிய வட்டாரத்தைச் சேர்ந்தது. மோட் செய்யாத, அதாவது உள்ளே கைவைத்து மாற்றாத கருவியில் அமெரிக்க வட்டு ஓடாது. இரண்டாவது, வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டமாகச் சுற்றிப் போகும் கீறல் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை அப்படி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு ஆட்டமும் லோடிங் திரையோடு நின்றது.

இப்போது டிவி. இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், பிறகு தங்கள் கையைத் திட்டிக்கொள்கிறார்கள். புதிய டிவி பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கேபிளுக்கு இடமே கிடையாது. மலிவான ஒரு எச்டிஎம்ஐ மாற்றி வாங்கிச் செருகினால் படம் வந்துவிடும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு கண்சிமிட்டு நேரம் தாமதம் ஆகலாம். வேறு கேம் என்றால் கவனிக்கவே மாட்டீர்கள். இதில் எதிராளியின் பந்தைத் தடுப்பது முழுக்க அந்தக் கண்சிமிட்டில்தான் இருக்கிறது. டிவி மெனுவில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். பாட்டி வீட்டில் பழைய பெட்டி டிவி இன்னும் உயிரோடு இருந்தால் அதுதான் உத்தமம்.

ஆடியதைச் சேமிக்க மெமரி கார்டு ஒன்றும் வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: விதிகள், ஒரே மூச்சில்

ஒரு பக்கம் மூன்று பேர். வளைகோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 1 புள்ளி, வெளியிலிருந்து போட்டால் 2. இலக்கு 21. ஃபவுல் விசில் கிடையாது. தள்ளினாலும் இடித்தாலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்த்த 3x3 ஆட்டத்திலும் புள்ளி இதே 1, 2 கணக்குதான், அங்கேயும் 21 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. அதில் ஒரே வளையம், பாதித் திடல், 10 நிமிடக் கடிகாரம். இதில் முழுத் திடலும் ஓட வேண்டும், கடிகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

படி 3: முதலில் பள்ளிக்கூடம் போங்கள்

மெனுவில் ஸ்ட்ரீட் ஸ்கூல் என்று ஒன்று இருக்கும். எந்தப் பொத்தான் எதற்கு என்று அங்கே செய்து காட்டுவார்கள். என் மருமகன் "அதெல்லாம் வேணாம் மாமா, நேரா ஆடலாம்" என்றான். முதல் ஆட்டம் 21-4. நாலும் என் அலட்சியத்தில் அவனுக்கு விழுந்தவை. பேசாமல் ஸ்கூலுக்குப் போனான்.

அங்கே கற்க வேண்டியது முதல் நாளைக்கு மூன்றுதான்: பாஸ், ஷூட், டர்போ. ஷூட் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஆள் குதித்து உச்சிக்குப் போன நொடியில் விட வேண்டும். முன்னாலேயே விட்டாலும் இறங்கும்போது விட்டாலும் பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும். கன்ட்ரோலரின் தோளில் இருக்கும் நான்கு பொத்தான்களும் டர்போ. ஒன்றை அழுத்திக்கொண்டு வளையத்துக்குக் கிட்டே போய் ஷூட் செய்தால் சாதாரண டங்க், அதாவது எழும்பிப் பந்தை வளையத்துக்குள் கையால் திணிப்பது. இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் காற்றிலே கரணம் அடித்துப் போடுவான். பார்க்க அழகு. ஆனால் அவன் அங்கே அதிக நேரம் தொங்குகிறான், வந்து தட்டிவிட எதிராளிக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கிறது. முதல் வாரம் ஒரு டர்போ போதும்.

ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கும்போது மூன்று பேரும் நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு நெட்டையன், ஒரு வேகமானவன், தூரத்திலிருந்து போடத் தெரிந்த ஒருவன், அவ்வளவுதான். தெரியவில்லை என்றால் லேக்கர்ஸ் அணியை எடுங்கள். ஷாக்கில் ஓனீல், கோபி பிரயன்ட் இருவரும் அந்த அணியில்தான் இருக்கிறார்கள்.

படி 4: தடுக்கப் பழகுங்கள், வித்தை அப்புறம்

இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் சரி. புதிதாக ஆடுகிற எல்லாரும் பந்து கையில் இருக்கும்போது என்ன செய்வது என்றே யோசிக்கிறார்கள். பந்து கையில் இல்லாத நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

இந்த கேமின் பெரிய பலம் தடுப்பில்தான் இருக்கிறது. மற்ற கூடைப்பந்து கேம்கள் பலவற்றில் டங்க் போட ஒருவன் எழும்பிவிட்டால் கதை முடிந்தது. இங்கே அவன் வளையத்தை எட்டுவதற்குள் நீங்களும் எழும்பி, பந்தைக் கையோடு பிடுங்கி எறியலாம். சரியாகத் தட்டினால் பந்து வேலி வரை பறக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகவே நான் இருபது வருடமாக இந்த வட்டை வைத்திருக்கிறேன்.

செய்முறை இப்படி. பந்து வைத்திருப்பவனைத் துரத்தாதீர்கள். அவனுக்கும் வளையத்துக்கும் நடுவே நின்றுகொள்ளுங்கள். அவன் இடவலமாக வித்தை காட்டும்போது பிடுங்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு தவறான தட்டலுக்கும் உங்கள் ஆள் ஒரு அடி தடுமாறுவான், அந்த ஒரு அடியில் அவன் உங்களைத் தாண்டிவிடுவான். அவன் கால் தரையை விட்ட பிறகு குதியுங்கள். ஷூட் என்றால் பந்து கையை விட்டுக் கிளம்பும் நேரம், டங்க் என்றால் அதற்கும் ஒரு சொட்டு தாமதமாக.

மருமகனுக்கு இது பிடிபடவே இல்லை. எதிராளி தோளைக் குலுக்கினாலே குதித்துவிடுவான். ஒரு ஆட்டம் முழுவதும் பந்து கிடைத்தாலும் புள்ளி போடக் கூடாது, பாஸ் மட்டும்தான், தடுப்பதை மட்டும் எண்ணு என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. ஆட்டம் தோல்வி, ஆனால் எட்டு முறை தடுத்திருந்தான். எட்டாவதில் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியதில் எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

படி 5: வித்தையும் மீட்டரும்

இப்போது வித்தைக்கு வரலாம். காலிடுக்கில் பந்தை விட்டு எடுப்பது, முதுகுக்குப் பின்னால் சுழற்றுவது, எதிராளியின் தலையிலேயே பந்தைத் தட்டித் திரும்பப் பிடிப்பது என்று ஏகப்பட்டது இருக்கிறது. வித்தை காட்டும்போதும் நல்ல தடுப்புகளின்போதும் திரையில் ஒரு மீட்டர் ஏறும். ஒரே வித்தையைத் திருப்பித் திருப்பிச் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் புள்ளியும் போட வேண்டும்.

இரண்டு வித்தை, ஒரு பாஸ், ஒரு ஷூட். தொடக்கக்காரருக்கு இந்த அளவு போதும். மூன்றாவது வித்தைக்கு ஆசைப்படும்போதுதான் பந்து பறிபோகும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் போகிறது.

படி 6: கேம்பிரேக்கர், அதாவது வயிற்றெரிச்சல்

மீட்டர் நிரம்பினால் கேம்பிரேக்கர் கிடைக்கும். அதைப் பயன்படுத்திப் பந்தைப் போட்டால் உங்கள் புள்ளி கூடுவதோடு எதிராளியின் புள்ளி குறையும். ஆமாம், குறையும். எடுத்த புள்ளி திரும்பப் போகும்.

"மாமா, என்னா இது, உங்க பாயிண்டு கீழ போவுது!" என்று அவன் முதல் தடவை சிரித்தான். நான் 19-இல் நின்றேன், அவன் 16. ஒரே கேம்பிரேக்கரில் ஆட்டம் தலைகீழானது. அடுத்த ஆட்டத்தில் அவன் 20-இல் நின்றபோது நான் அதையே செய்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. "இது ஏமாத்துலா மாமா."

ஏமாற்று இல்லைதான், ஆனால் அவன் கோபம் நியாயமானது. பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஆடிய ஆளை ஒரே வீச்சில் கீழே இறக்குகிறது இந்த விதி. இது இல்லாவிட்டால் 18-9 ஆனதுமே தோற்பவன் கன்ட்ரோலரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான் என்பதும் உண்மை. எனக்கு இந்த விதி பிடிக்கும், எதிரணி பயன்படுத்தாத வரைக்கும்.

சமாளிப்பது எப்படி? உங்கள் மீட்டரை மட்டும் பார்க்காமல் அவன் மீட்டரையும் பாருங்கள். நிரம்பப் போகிறது என்றால் வித்தைக்கு இடம் கொடுக்காமல் ஒட்டி நில்லுங்கள். உங்களுக்குக் கிடைத்தால் இரண்டு வழி உண்டு: உடனே போடலாம், அல்லது கையில் வைத்துக்கொண்டு மீட்டரை மறுபடியும் நிரப்பி லெவல் 2 ஆக்கலாம். லெவல் 2 என்றால் பந்தைக் காற்றிலேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு மாற்றி ஒரு கூத்தே நடக்கும், அடியும் பெரிதாக விழும். முதல் வாரம் ஆசைப்படாதீர்கள். எதிராளி 15-ஐத் தாண்டியதும் லெவல் 1-ஐயே போட்டுவிடுங்கள்.

படி 7: எதிரணிக்குத் திடீரென்று சாமி வந்தால்

கணினியோடு ஆடும்போது நீங்கள் நன்றாக முன்னால் போனதும் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை தடவிக்கொண்டிருந்தவன் பாதித் திடலிலிருந்து போடுவதெல்லாம் விழும். யாரும் தடுக்காமல் உங்கள் ஆள் போடும் பந்தும் தவறும். இது இந்த வகை கேம்களில் பரம்பரை வியாதி. 1993-இல் வந்த என்பிஏ ஜாமில் தோற்பவனுக்குக் கைகொடுக்கும் 'கணினி உதவி' வெளிப்படையாகவே உண்டு. அதைச் செய்த மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். கடைசி நொடியில் சிகாகோ புல்ஸ் பிஸ்டன்ஸுக்கு எதிராகப் போடும் பந்து தவறும்படி எழுதி வைத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆகவே கோபப்படாதீர்கள். முன்னால் இருக்கும்போது 2 புள்ளிக்குத் தூரத்திலிருந்து எறிவதை நிறுத்திவிட்டு, நெட்டையனுக்குப் பாஸ் கொடுத்து 1, 1 என்று சேருங்கள். கண்றாவியாக இருக்கும், ஆனால் ஜெயிக்கலாம்.

படி 8: பி எ லெஜண்ட்

கை பழகியதும் இந்த மோடுக்குப் போங்கள். உங்களுக்கென ஓர் ஆளை உருவாக்கி, ஒவ்வொரு திடலாக ஆடி, சம்பாதிக்கும் புள்ளிகளில் அவன் திறமையைக் கூட்ட வேண்டும். பயணம் நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கும் ரக்கர் பார்க் வரை போகும். அது நிஜத் திடல். ஹார்லெம் இளைஞர்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கிய ஹோல்கம்ப் ரக்கரின் பெயரில் இருக்கிறது. ஜூலியஸ் எர்விங் போன்ற பெரிய கூடைப்பந்து நட்சத்திரங்கள் நிஜமாகவே ஆடிய இடம்.

ஆரம்பத்தில் உங்கள் ஆள் எதற்கும் உதவாதவனாக இருப்பான். கிடைக்கும் புள்ளியைத் தடுப்புக்கும் வேகத்துக்கும் போடுங்கள், டங்குக்கு அப்புறம் போடலாம். வர்ணனை சொல்லும் பாபிட்டோ கார்சியா முதல் நாள் உற்சாகமாக இருப்பார். நான்காம் நாள் அவர் அடுத்து என்ன சொல்வார் என்று மருமகன் முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டான். சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மெமரி கார்டு. நிறுத்துவதற்கு முன் சேவ் ஆனதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடுமுறை முடிகிற அன்று அவன் காலையில் பசியாறுவதற்கு முன்பே உட்கார்ந்து, மூன்று திடலை ஒரே மூச்சில் முடித்தான். கீழே அத்தான் ஹாரன் அடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினான். கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் போன்.

"மாமா, நான் சேவ் பண்ணனா?"

போட்டுப் பார்த்தேன். பண்ணவில்லை.