சண்டிகர் ட்ரான்சிட் கேம்ப் வழியா லே போறவங்களுக்கு

லீவு முடிஞ்சு லடாக் திரும்புற ராணுவத் தம்பிங்க, புதுசா போஸ்டிங் வந்து போறவங்க ரெண்டு பேருக்கும்தான் இது. மதுரை சண்டிகர் எக்ஸ்பிரஸ்ல இறங்கினதும் ஊர் சுத்தாம நேரா ட்ரான்சிட் கேம்ப் போங்க, லே ஃப்ளைட் கிடைக்கிற வரைக்கும் நம்மள தங்க வைக்கிற இடம் அது. கவுண்டர்ல ஐ-கார்டும் லீவ் சர்டிபிகேட்டும், போஸ்டிங்னா மூவ்மென்ட் ஆர்டரும் (எந்த யூனிட்டுக்குப் போகணும்னு குடுத்த உத்தரவு) காட்டி பேர் எழுத வைங்க, தேதி போட்டு சீல் குத்திட்டாங்களான்னு அங்கேயே நின்னு பாத்துட்டுதான் நகரணும். ஏன்னா லீவு அன்னையோட முடிஞ்சிடுது, அப்புறம் ஃப்ளைட்டுக்காக கேம்ப்ல படுத்துக் கிடக்குற நாளெல்லாம் ட்யூட்டி கணக்கு, சீல் இல்லன்னா யூனிட்ல போய் ஓவர்ஸ்டே, அதாவது லீவு தாண்டி தங்கிட்டேன்னு நிக்க வச்சு கேப்பாங்க. அந்த பேப்பர பெட்டில போட்டு பூட்டிடாதீங்க, சட்டைப் பையிலயே இருக்கட்டும்.

ட்ரங்க் பெட்டி மேல பேர், நம்பர், யூனிட் வெள்ளை பெயின்ட்ல பெருசா எழுதிருங்க. அங்க எல்லார் பெட்டியும் ஒரே கருப்புதான்.

ஃப்ளைட் நம்ம கைல இல்ல. லேல மதியத்துக்கு மேல மலைக்காத்து ஏறிடும், அதனால ஏர்ஃபோர்ஸ் விமானம் ஏஎன்-32 ஆனாலும் ஐஎல்-76 ஆனாலும் விடியக்காலைலயே கிளம்பப் பாப்பாங்க, மேகம் மூடிட்டா அன்னைக்கு கேன்சல்தான். பனிக்காலத்துல ரோடும் அடைச்சிடுறதால கேம்ப் நிரம்பி வழியும், பெட் கிடைக்கலன்னு சண்டை போடாம போர்வைய விரிச்சுப் படுங்க. சாயங்காலமே லிஸ்ட்ல பேர் வந்துச்சான்னு பாருங்க, இருட்டுல ரோல் கால் எடுக்கும்போது பாத்ரூம்ல இருந்தேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான், அடுத்த ஆள் ஏறிடுவான். வீட்டுக்கு போன் பண்ணுங்க, ஆனா எத்தனை மணிக்கு எத்தனை பேர் போறோம்னு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்ல போடவே கூடாது.

லேல இறங்கினதும் மறுபடி ஒரு கேம்ப். 11,500 அடி உயரம், உடம்பு பழக 6 நாள் வைப்பாங்க. முதல் 2 நாள் முழு ரெஸ்ட், அடுத்த 2 நாள் சமதரைல மெதுவா நடை, கடைசி 2 நாள்தான் கொஞ்சம் மேடு ஏத்துவாங்க. ஊர்ல ரொம்ப நாள் இருந்துட்டு வர்ற பழைய ஆளுக்கும் இதேதான், நான் பனிமலை கிளேசியர்லயே இருந்து பாத்தவன்னு கெத்து காட்ட வேணாம். 12,000 அடிக்கு மேல போஸ்ட்னா இன்னும் 4 நாள், 15,000 தாண்டினா அதுக்கு மேல இன்னொரு 4 நாள். தலைவலி, வாந்தி, படுத்தா மூச்சு முட்டுதுன்னா மாத்திரை போட்டு மறைக்காதீங்க, ராத்திரி 2 மணி ஆனாலும் பக்கத்து பெட்காரன எழுப்பி எம்ஐ ரூம் (கேம்ப்ல வைத்தியம் பாக்குற இடம்) போங்க.