முழு நாள் டே கேர் தேடுகிறீர்களா? மாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பதினான்கு இடங்களுக்குப் போன் செய்து, ஆறு இடங்களை நேரில் பார்த்து, ஒன்றில் சேர்த்தேன். ஏழாவது வாரத்தில் அவளை அங்கிருந்து எடுத்து வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது இடத்தில் இரண்டரை வருடம் நிம்மதியாக இருந்தாள். முதல் தடவை எதைப் பார்க்கத் தவறினேன், இரண்டாம் தடவை எதைப் பார்த்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதா, டே கேரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. டே கேர்தான் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கான பதிவு இது.

படி 1: உங்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

இடத்தைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வேலை 9 முதல் 6 வரை, டே கேரிலிருந்து அலுவலகம் 45 நிமிடம், குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு அவர்கள் கதவைத் திறந்திருக்க வேண்டும். மாலையில் நெரிசலுக்குக் கொஞ்சம் இடம் விட்டால் 7 மணி வரை திறந்திருக்க வேண்டும். ஆக 11 மணி நேரம். ஆனால் ‘முழு நாள்’ என்று பலகை வைத்திருக்கும் பல இடங்கள் ஒன்பது மணி நேரம்கூட நடப்பதில்லை.

பயண நேரத்தைக் கூகுள் மேப்ஸில் இந்த நிமிடத்துக்குப் பார்த்தால் பயனில்லை. வேலை நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போய்ச் சேர வேண்டிய நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டு நிமிடம் காட்டிய வழி, திங்கள் காலையில் முப்பத்தைந்து காட்டலாம்.

வீட்டுக்குப் பக்கமா, அலுவலகத்துக்குப் பக்கமா என்று கேட்டால் வீட்டுக்குப் பக்கம் என்பேன். பெற்றோரில் யார் வேண்டுமானாலும் போய் அழைத்துவரலாம். நெரிசலில் குழந்தை அழுதுகொண்டே வருவதும் மிச்சம். நடுவில் போய்ப் பாலூட்ட நினைக்கும் தாய்மார்களுக்கு மட்டும் அலுவலகப் பக்கம்தான் சரி.

படி 2: பட்டியல், போன்

எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் தொடங்குங்கள். கைக்குழந்தைகளுக்கு அதிக ஆட்கள் வேண்டும் என்பதால் அவர்களுக்கான இடங்கள் எங்குமே குறைவு. வெயிட்டிங் லிஸ்டில் பெயர் கொடுத்தால் சும்மா இருக்க வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

எக்செல் அட்டவணை போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை. கோடு போட்ட நோட்டில் ஓர் இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். போனில் பேசியவரின் தொனிகூட அதில் இருக்கும். இணையத்தில் உள்ள நட்சத்திர மதிப்பீடுகளை நான் நம்புவதில்லை. சேர்த்த முதல் வாரத்து மகிழ்ச்சியில் எழுதியவை நிறைய. மாலையில் வாசலில் குழந்தையை அழைத்துப் போக வரும் பெற்றோர் ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள், அதற்கு ஈடே கிடையாது. ‘நல்லா பாத்துக்கறாங்களா?’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியா எப்போ இவங்க மேல கோபம் வந்தது, அப்போ என்ன பண்ணாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: தலைகளை எண்ணுவது

‘முப்பது குழந்தைகள், எட்டு ஊழியர்கள்’ என்பார்கள். அந்த எட்டில் சமையல்காரர், காவலாளி, கணக்கு எழுதுபவர் எல்லாரும் அடக்கம். உங்கள் குழந்தை இருக்கப்போகும் அறையில், குழந்தைகளோடு மட்டும் இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. 2 வயதுக் குழந்தைகளுக்கு அது 5-க்கு ஒருவர். உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம். உரிமத்தைக் காட்டச் சொன்னால் எத்தனை குழந்தைகளுக்கு அனுமதி என்பதும் தெரிந்துவிடும். ஒரே ஆள் நான்கு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தீ விபத்தில் வெளியே ஓட முடியுமா என்று யோசித்தால் இந்த எண்களின் அருமை புரியும். எத்தனை வழிகள், எந்தக் கதவு, கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 4: மாலையில் போங்கள்

நான் தவறவிட்டது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் டே கேரைக் காலை பத்தரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். அவர்கள் கொடுத்த நேரம் அது. குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்று சொன்னார்கள், நானே எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றே முன்பணம் கட்டினேன்.

ஏழாவது வாரம் ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து ஐந்து இருபதுக்கே போய்விட்டேன். ஒரே அறையில் பதினோரு குழந்தைகள். கைக்குழந்தையிலிருந்து பள்ளி முடித்து வந்த ஆறு வயதுப் பையன் வரை எல்லாரும் அங்கேதான். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் உயர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. டயபர் கனத்துத் தொங்கியது. என்னைப் பார்த்ததும் கைநீட்டக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை இன்றும் எனக்குள் இருக்கிறது.

விசாரித்தபோது யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான்கு பேருக்கு ஒருவர் என்பது உண்மைதான், ஆனால் ஐந்து மணி வரை. அதற்கு மேல் மற்றவர்களின் ஷிப்ட் முடிந்துவிடும். நான் தினமும் ஆறே முக்காலுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். அப்படியானால் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். அந்த ஒற்றைப் பெண்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பதினோரு குழந்தைகளோடு யாராலும் வேறு என்ன செய்ய முடியும்?

அரை நாள் காப்பகத்துக்கும் முழு நாள் காப்பகத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். 11 மணி நேரத்தை ஒரே ஊழியரால் நின்று தாண்ட முடியாது. ஆள் மாறியே ஆக வேண்டும். திறந்த முதல் அரை மணி, சாப்பாட்டிலிருந்து தூக்கத்துக்குப் போகும் நேரம், ஊழியர்கள் சாப்பிடும் நேரம், மாலைக் கடைசி ஒன்றரை மணி ஆகியவைதான் பலவீனமான இணைப்புகள். காலை பத்தரைக்கு எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு தடவை காலையில், ஒரு தடவை ஐந்தரைக்குப் போங்கள். உள்ளே இருபது நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ‘நீங்க வேலையைப் பாருங்க, நான் இப்படி ஓரமா நிக்கறேன்’ என்று சொன்னாலே போதும். அழும் குழந்தையிடம் யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில்? டிவி ஓடுகிறதா? 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த பரிந்துரை. மாலையில் இருப்பவருக்குக் காலையில் நடந்தது தெரியுமா? எந்தக் குழந்தையையாவது காட்டி ‘இன்னைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினான்?’ என்று கேளுங்கள். நோட்டைப் புரட்டிச் சொன்னாலும் சரி, சட்டென்று சொன்னாலும் சரி. ‘அது காலையில இருந்தவங்களுக்குத்தான் தெரியும்’ என்றால் அங்கே கைமாற்றல் சரியாக நடப்பதில்லை.

டயபர் மாற்றுவதையும் கவனியுங்கள். 1946-ல் புடாபெஸ்டில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், இந்த வேலையை அவசரமில்லாமல், குழந்தையோடு பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்று தன் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தைக்கு ஒருவரின் முழுக் கவனமும் கிடைப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தூக்குகிறார்களா, பொட்டலம் மாதிரி தூக்குகிறார்களா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

படி 5: தூக்கம், பால்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும். சமதளமான, அழுத்தமான மெத்தை போதும். தலையணையோ தளர்வான போர்வையோ பொம்மையோ கூடாது. இதை நீங்கள் சொல்வதற்கு முன் அவர்களே சொன்னால் நல்ல அறிகுறி.

தாய்ப்பால் பிழிந்து கொடுப்பதானால், அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, ஒரே சீராகச் சூடாகாமல் வாயைச் சுட்டுவிடும். புட்டியில் பெயர், தேதி, நேரம் எழுத ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் அழிந்துவிடும். மாஸ்கிங் டேப்பும் பால்பாயிண்ட் பேனாவும் போதும்.

படி 6: எழுத்தில் வாங்குங்கள்

கட்டணம், திருப்பித் தராத முன்பணம், தாமதமாக வந்தால் எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, வருடத்தில் எத்தனை நாள் மூடுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்னறிவிப்பு விதியை நான் படிக்கவில்லை. அதனால் ஒரு மாதக் கட்டணம் அதிகமாகக் கட்டித்தான் வெளியே வந்தேன்.

உடம்பு சரியில்லாத நாளைப் பற்றிய விதியைத் தனியாகக் கேளுங்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் வருடம் சளியும் இருமலும் மாறி மாறி வரும், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் யார் விடுப்பு எடுப்பது என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

படி 7: பழக்குவது

ஜெர்மனியின் காப்பகங்களில் ‘பெர்லின் முறை’ ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் பெற்றோர் குழந்தையோடு சுமார் ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் அதிகபட்சம் அரை மணி. நான்காம் நாள் திங்களாக இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுவார்கள், வாரவிடுமுறை முடிந்து வரும் குழந்தை மறுபடி புதிதாக உணரும் என்பதால். அதற்குப் பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள். இரண்டாவது இடத்தில் இதைக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். வேலையில் சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கினால் அவசரம் இருக்காது.

எட்டு மாதத்துக்கு மேல் ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். அழுவது இயல்பு. கண்ணில் படாமல் நழுவி வராதீர்கள். ‘அம்மா போயிட்டு, நீ தூங்கி எழுந்ததும் வருவேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்னபடி வாருங்கள்.

பின்சேர்க்கை 1: மாலையில் உள்ளே விட மறுக்கிறார்கள், மற்றக் குழந்தைகளின் பாதுகாப்பைக் காரணம் சொல்கிறார்கள் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அந்தக் காரணம் நியாயமானதுதான். அப்படியானால் பழக்கும் நாட்களில் ஒன்றை மாலைக் கடைசி ஒரு மணி நேரமாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள். உங்கள் குழந்தையோடு நீங்கள் உள்ளே இருப்பீர்கள். அதற்கும் மறுத்தால் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.

பின்சேர்க்கை 2: சிசிடிவியை போனில் பார்க்கும் வசதி இருக்கிறதே, மாலையில் போவது எதற்கு என்று ஒருவர் கேட்டார். எங்கள் முதல் இடத்தில் அந்த வசதி இருந்தது. கேமரா விளையாட்டு அறையில் இருந்தது. ஐந்து மணிக்கு மேல் எல்லாரையும் வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். காலியான அறையைப் பார்த்து, குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேமரா இருக்கும் இடமென்றால், கடைசி ஒரு மணி நேரம் எந்த அறையில் இருப்பார்கள், அங்கே கேமரா உண்டா என்று கேளுங்கள்.