தின்னரும் டொலுயீனும்: பட்டறையில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

பெயிண்ட், பாலிஷ் பட்டறைகளில் புழங்கும் பல தின்னர்களில் டொலுயீன் என்ற கரைப்பான் திரவம் இருக்கும். பெயிண்டையும் பசையையும் நன்றாகக் கரைக்கும். பெட்ரோலின் ஆக்டேனை (இன்ஜினில் தட்டாமல் எரியும் தன்மையை)க் கூட்டவும், நுரை மெத்தைக்கான வேதிப்பொருள் தயாரிக்கவும் இது வேண்டும்.

“கொதிநிலை 110 டிகிரிக்கு மேல், சும்மா தீப்பிடிக்காது” என்பார்கள். கொதிநிலையைப் பார்த்து என்ன பயன்? சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடும். நம் ஊர் வெயிலில் அது எப்போதும் தயார்தான். காற்றில் வெறும் 1.1 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு பரவி, பக்கத்து அறையில் டீ போடும் அடுப்பு வரை போய்விடும். மேலே ஜன்னலைத் திறந்துவிட்டு சரி என்று இருந்தால் போதாது. காற்றைக் கீழிருந்து வெளியேற்ற வேண்டும். அதற்காகச் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிடாதீர்கள், அதன் மோட்டாரே பொறி கிளப்பலாம். தீப்பொறி வெளிவராத வகைதான் வேண்டும்.

பெரிய தவறு, டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றுவது. டொலுயீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஓடும்போது நிலைமின்னூட்டம் சேரும், அது பொறியாகப் பாய்ந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். உலோகப் பாத்திரம் வைத்து, அதையும் டிரம்மையும் கம்பியால் இணைத்து, டிரம்முக்கு எர்த் கொடுங்கள். எர்த் கம்பியின் கிளிப்பை டிரம்மின் பெயிண்ட் மேலேயே கடிக்க விட்டால் எர்த் கொடுத்தும் வீண். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

வாசனை குறைந்ததும் ஆவி போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்குக்குத்தான் பழகிப்போயிருக்கும். துணியும் என்95 முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான (தின்னர் போன்றவற்றின் ஆவிக்கான) கார்ட்ரிட்ஜ், அதாவது வடிகட்டி டப்பி, வைத்த மாஸ்க் வேண்டும். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையையும் டொலுயீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். தலைசுற்றலும் தலைவலியும் உடனே தெரியும். ஆனால் கம்ப்ரசர் இரைச்சலோடு சேர்ந்து டொலுயீன் ஆவி வருடக்கணக்கில் காது கேட்பதைக் குறைப்பது லேசில் தெரியாது.

கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரால் கழுவினால் தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு போடுங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. டொலுயீன் மிதந்துகொண்டே எரிந்து பரவும். நுரை அல்லது உலர்தூள் அணைப்பான் தேவை.

மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களை என்ன சொல்ல! யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தின்னர் டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு.