ஐ.எஸ்.எஸ். சொன்ன நேரத்துக்கு வராதபோது

வானில் கடந்து போவதைப் பார்க்கக் காத்திருக்கும்போது, கணித்த பாதையிலேயே சர்வதேச விண்வெளி நிலையம் (ஐ.எஸ்.எஸ்.) போகிறது, நேரம் மட்டும் முன்பின்னாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டி.எல்.இ. எனப்படும் இரண்டு வரிச் சுற்றுப்பாதைத் தரவு. நிலையம் வரும் நேரத்தைக் கணிக்கும் என் மென்பொருளில் பழைய தரவு அப்படியே தங்கியிருந்ததுதான் கோளாறு.

தரவு எந்த நேரத்துக்குரியது என்று அறிய, முதல் வரியில் 19 முதல் 32 வரையுள்ள எழுத்திடங்களைப் பாருங்கள். 24150.50000000 என்றிருந்தால் அது 2024-ன் 150-வது நாள், மே 29, யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரப்படி நண்பகல், நம் நேரம் மாலை 5.30. ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அதன் இழுவையில் பாதை தாழ, சுற்றும் நேரம் குறையும். இழுவை கணித்ததைவிட அதிகமானால் நிலையம் முந்தி வரும். எஞ்சினை இயக்கி உயர்த்தியிருந்தால் பிந்தி வரும். அப்போது இரண்டு நாள் பழைய தரவும் உதவாது.

சுற்றுப்பாதைத் தரவுகளை வெளியிடும் செலஸ்ட்ராக் இணையதளத்தில், நிலையத்தின் பட்டியல் எண்ணான 25544-க்குரிய தரவை எடுத்துப் பழையதை அழித்துவிட்டு ஏற்றினேன், சரியானது. இப்போதெல்லாம் பார்க்கும் நாளன்றே புதுப்பிக்கிறேன். வித்தியாசம் துல்லியமாக ஐந்தரை மணி நேரமென்றால் தரவைத் தொட வேண்டாம், நேர மண்டல அமைப்பைத் திருத்துங்கள்.